துடைக்கும் நேரமும் வேலை நேரமே

மிதிவெடி அகற்றும் வேலையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, இன்றைக்கு எத்தனை சதுர மீற்றர் என்றுதான். அந்த மண்ணைத் தேடிய டிடெக்டரைப் பின்னேரம் யார் துடைத்தார்கள், எந்தத் தண்ணீரில் துடைத்தார்கள் என்று எவரும் கேட்டு நான் அறியவில்லை. வடமராட்சி கிழக்கின் கடற்கரை மணலில் அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்த பெண் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறேன்.

2000 ஏப்ரலில் இராணுவத்திடமிருந்த ஆனையிறவு விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பின், நாகர்கோவில் கடற்கரையில் தொடங்கி எழுதுமட்டுவாள், முகமாலை வழியாகக் கிளாலி வரை யாழ் குடாநாட்டின் குறுக்கே போர்முனை நிலைகொண்டது. இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்காக மிதிவெடி புதைத்த நிலம் அது. இராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானில் செய்த பி4 வகை உண்டு. புலிகள் அதைப் பார்த்துச் செய்தது ரங்கன் 99. வெளிக்கூடு பிளாஸ்ரிக். உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சிறியது. அந்தச் சிறு உலோகத்தின் சத்தத்தைக் கேட்கத்தான் கருவியும் காதும்.

கடற்கரையில் அந்தச் சத்தத்தைக் கெடுப்பது உப்பு. உப்பு ஊறிய ஈர மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், வெறும் மணலுக்கும் கருவி முனகும். மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் கருவியில் ஒட்டிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வரும் உப்பை எந்தப் பொத்தானாலும் சரிசெய்ய முடியாது. காய்ந்த பிறகும் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் மணலைத் தொடாத கருவியிலும் உப்புப் படியும். பற்றரித் தகட்டிலும் வயர் பூட்டிலும் பச்சைக் களிம்பு பிடிப்பது அப்படித்தான்.

அதனால் பின்னேர வேலைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கருவியை நிறுத்தி, பற்றரியை வெளியே எடுத்து, அதன் மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டும். தேடும் தட்டின் அடியில் இருக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றினால் உள்ளே ஈர மணல் பசைபோல் ஒட்டியிருக்கும். நீட்டி மடக்கும் தடியைத் துண்டு துண்டாகக் கழற்றி மணலை உதற வேண்டும். மணலோடு இழுத்தால் தடி கீறுப்பட்டுப் பூட்டும் பிடிக்காது. தட்டையும் தடியையும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். மின்சுற்று இருக்கும் பெட்டியை நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். குழாயை வேகமாகத் திறந்து அடிக்கக் கூடாது; பெற்றோல், தின்னர் கிட்டவும் வரக் கூடாது. வயர் பூட்டுகளை மெல்லிய பிறஷால் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் நிழலில் காற்றுப்பட வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் தட்டு நெளியும், ஒட்டு விடும். நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டி, சோதனைத் துண்டில் வைத்துச் சத்தம் கேட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு கருவிக்கு அரை மணி நேரம் போகும்.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரையோரக் கிணறுகள் பல உவர். உவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பைப் பூசுகிறோம். கடலுக்குப் போய் வந்த வெளியிணைப்பு எஞ்சினை நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவாத மீனவர் எங்கள் கரையில் இல்லை. எஞ்சின் நின்றால் பிழைப்பு நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கருவியோ நின்றுபோனால் ஆபத்து இல்லை. செத்த கருவியை எவரும் கையில் எடுக்க மாட்டார்கள். உயிர் இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, காது கேளாமல் போகிற கருவிதான் ஆளை விழுத்தும். காலையில் சோதித்துத்தானே உள்ளே போகிறீர்கள், பிறகென்ன என்று கேட்பார்கள். காலைச் சோதனை அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். களிம்பு பிடித்த பூட்டு காலையில் தொட்டுக்கொண்டிருக்கும். மத்தியான வெக்கையில், ஆட்டத்தில் விட்டுப்போகும். இதனால்தான் வேலை நடுவிலும் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம். இரண்டு சோதனைக்கு இடையில் நம்மைக் காப்பது முந்தின நாள் பின்னேரத்துச் சுத்தம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் அவசரம். இலங்கை 2017 டிசெம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 யூன் 1க்குள் மிதிவெடி நிலங்களைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, இந்த வேலை எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று எல்லோரும் கண்டோம். நாள் குறைந்து பணமும் குறைந்தால், சதுர மீற்றரில் ஏறாத நேரத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். துடைப்பதை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்யுங்கள் என்பார்கள். உதிரிப்பாகம் அடுத்த வருடம் என்பார்கள்.

ஆகையால் பணம் கொடுப்பவர்களிடமும் திட்டம் போடுபவர்களிடமும் மூன்று விடயம் கேட்கிறேன். பராமரிப்பு நேரத்தைச் சம்பளம் உள்ள வேலை நேரமாக எழுதுங்கள். கரையோரத் தளங்களுக்கு நல்ல தண்ணீர் பவுசருக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கருவி திருத்தும் பயிற்சியை இங்குள்ள இளம் பெண்களுக்கும் பெடியன்களுக்கும் கொடுங்கள். 2028க்குப் பிறகும் தோட்டம் கொத்தும்போது, அத்திவாரம் வெட்டும்போது ஏதாவது வெளிப்படத்தான் செய்யும். அன்றைக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகப்போவது எங்கள் பிள்ளைகள்.

துப்புரவு என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் நிலத்தில் அடுத்த நாளே பிள்ளை ஓடும், மாடு மேயும். அந்தக் கையெழுத்தை நம்ப வேண்டுமென்றால், அதற்கு முந்திய அரை மணி நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும்.