வீடியோ காலில் கைது செய்ய முடியுமா? நிஜமான கைது எப்படி நடக்கும்?

"உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது!"

வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இப்படி மிரட்டுகிறார். பின்னால் சுவரில் போலீஸ் சின்னம், பக்கத்தில் வயர்லெஸ் சத்தம். எதிரில் இருப்பவர் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் எஃப்.டி-யை உடைத்துப் பணம் அனுப்புகிறார்.

சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் மோடி 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பேசினார். 2025-ல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்து, சி.பி.ஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். அதில் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

காரணம் எளிது. நிஜமான கைது எப்படி நடக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சினிமாவில் பார்த்ததுதான் பாடம். நல்ல நோட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் கையில்தானே கள்ள நோட்டு மாட்டும்? அதனால், முதலில் நல்ல நோட்டைப் பார்த்துவிடுவோம்.

கைது என்றால் என்ன?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்) நடைமுறையில் இருக்கிறது. கைது செய்யும் போலீஸ்காரர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும். அதில் குடும்பத்தினரோ, அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இதெல்லாம் நேரில் மட்டுமே நடக்கும்.

எதற்காகக் கைது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை, எந்த வழக்காக இருந்தாலும், கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாத சூழல் என்றால், மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும்.

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு தரும் உரிமை.

சூரியன் மறைந்த பிறகும், உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றுக் கைது செய்யலாம்.

எல்லா வழக்கிலும் கைது உண்டா?

இல்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், தேவை இருந்தால்தான் கைது. தேவை இல்லையென்றால் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றும் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆக, வாட்ஸ்அப்பில் நோட்டீஸே வரக் கூடாது என்னும்போது, கைது எப்படி வரும்?

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி இல்லாமல் அவர்களைக் கைது செய்ய முடியாது. சாட்சியாக விசாரிப்பது என்றால், பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

சோதனை என்றால்?

வீட்டைச் சோதனையிடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். புதிய சட்டப்படி, முழுச் சோதனையையும் போலீஸே வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கோ, கலெக்டர், ஆர்.டி.ஓ போன்ற நிர்வாக அதிகாரிக்கோ அனுப்ப வேண்டும். எந்த இடத்திலும் 'பணத்தைச் சரிபார்க்க இந்த அக்கவுன்டுக்கு அனுப்புங்க' என்ற பேச்சுக்கே இடமில்லை.

முக்கியமான வித்தியாசம்

'வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்பதுதான் மோசடிக்காரர்கள் போடும் முதல் நிபந்தனை. சட்டம் இதற்கு நேர் எதிர். கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ, எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து, போலீஸ் உடனே தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது விரும்பிய வக்கீலைச் சந்திக்கவும் கைதானவருக்கு உரிமை உண்டு. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில் முக்கியமானது இந்தத் தகவல் சொல்லும் கடமை. லாக்கப் மரணங்களைத் தடுக்கத்தான் அந்த நெறிமுறைகள் வந்தன.

இந்த அளவுகோல் போலி போலீஸுக்கு மட்டுமல்ல, நிஜ போலீஸுக்கும் பொருந்தும். 'சும்மா விசாரணைதான்' என்று அழைத்துப்போய், குடும்பத்துக்குச் சொல்லாமல், கணக்கில் காட்டாமல் வைத்திருந்தால் அதுவும் சட்டவிரோதம். விதிகள் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது தமிழ்நாடு பார்த்தது. அதனால் யாராவது கைதானால், எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று குடும்பத்தினர் உடனே கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்குக் கிடைத்ததா என்று விசாரிக்க வேண்டும். காயம் இருந்தால் கைதானவர் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

மிரட்டல் அழைப்பு வந்தால் காலை கட் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளூர் ஸ்டேஷனுக்கு நேரில் போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கட்டுரையை அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு போன் போட்டு, "யார் என்ன சொல்லி மிரட்டினாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயத்தில்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.