பொய்த் தரவின் மெய்ப்பயன்

கணினிக் கலை பயிலும் நம் மாணாக்கருட் பலர், தாம் இயற்றிய இணையச் சேவையைச் சோதிக்குங்கால், 'ராஜா', '123' என்பன போன்ற உள்ளீடுகளை நான்கைந்து முறை இட்டுப் பார்த்து, யாவும் செவ்வனே இயங்குகின்றன என்று மகிழ்கின்றனர். வேறு சிலரோ, உண்மை மக்களுடைய பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் முதலியன அடங்கிய பட்டியலை அப்படியே பெயர்த்துச் சோதனைக்களத்தில் வைத்துக்கொள்கின்றனர். முன்னது சோம்பல்; பின்னது குற்றம் என்பதே எம் கருத்து.

சேவை இடைமுகம், அதாவது வழக்கில் ஏபிஐ எனப்படுவது, இரு நிரல்கள் தம்முட் செய்துகொள்ளும் உடன்படிக்கையாம். இஃது எண், இது நாள், இது வெறுமையாகவும் இருக்கலாம் என்று அதனை எழுதிவைக்கும் முறையொன்று, ஸ்வாக்கர் என்ற பெயரால் தோன்றிப் பின்னர் ஓபன்ஏபிஐ என வழங்கலாயிற்று. அவ்வேட்டைத் தக்க கருவியிடம் கொடுப்பின், அதற்கிணங்கிய கற்பனைத் தரவை ஆயிரக்கணக்கில் நொடிப்பொழுதில் ஈன்று தரும். மறுபுறத்துச் சேவை கட்டி முடியாவிடினும், அதன் வேடம் பூண்ட போலிச் சேவை விடையிறுக்க, இப்புறத்தார் தம் பணியைத் தொடரலாம். 'சீடு' எனும் தொடக்க எண்ணை மாற்றாது வைத்தால், கருவி மாறாதவரை அதே தரவு மீண்டும் கிடைக்கும். ஆதலின் நேற்றுக் கண்ட பிழையை இன்றும் கண்டு களையலாம்.

ஆயினும் கருவி ஈனுவது பெரும்பாலும் குறையற்ற, ஒழுங்கான தரவேயாம். உலகமோ அவ்வாறன்று. பைத்தான் மொழியார் கையாளும் பேக்கர் என்னும் தொகுதி, நாம் வேறு கூறாவிடின் அமெரிக்கப் பெயர்களையே தரும், தமிழ்ப் பெயர்களும் அதன்கண் உள, கேட்பாரே அரியர். 'திருநாவுக்கரசு' என்னும் பெயரை நோக்குமின். நமக்கு அஃது எட்டெழுத்து. யூனிகோடில் 14 குறிகள். யூடிஎப்-8 முறையில் 42 பைட்டுகள். பெயருக்கு 40 பைட்டே ஒதுக்கிய சேவையில் ஈற்றுச் 'சு' சிதைந்தொழியும். 'ஜான்' என்று மட்டும் சோதித்தவர் இதனை எங்ஙனம் அறிவார்? தந்தை பெயரின் முதலெழுத்தையே தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவமும் இத்தகையதே. அதன்முன் அல்லலுறுவோர் விண்ணப்பதாரர். நிரல் எழுதியவர் அல்லர்.

மெய்த் தரவிலன்றோ இவ்வகை முரண்கள் இயல்பாகவே கிடைக்கும் எனச் சிலர் வினவுவர். அது பாதி உண்மை. முரண்களின் வடிவை மெய்த் தரவினின்று கற்கலாம். மக்களை அங்கிருந்து கொணர்தல் வேண்டா. பெயரை மட்டும் அழித்துவிட்டால் தீங்கில்லை என்பதும் பொருந்தாது. பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் கூடின், அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளங் காணலாகும் என லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். நம் நாட்டிலும் தனிமனிதர் தரவுக் காப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது.

கற்பனைத் தரவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மனம்போனவாறு புனைந்த மின்னஞ்சல் முகவரி எவரோ ஒருவருடையதாய் இருத்தல் கூடும். சோதனை மடல்கள் அவரைச் சென்று வருத்தும். எக்ஸாம்பிள்.காம் என்னும் பெயர் இத்தகைய தேவைகட்கென்றே 1999-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டுள்ளது. அதனைக் கொள்க.