ஆணிதானே என்று சொல்லாதீர்கள்



போன வாரம் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் வீடு கடலுக்குப் பக்கம். புதிதாக மாட்டுக்கொட்டகை போடுகிறான். தூணுக்கு எந்த மரம், தகரம் என்ன கனம், எங்கே விலை மலிவு என்று ஒரு மணி நேரம் சொன்னான். "சரி கண்ணு, ஆணி என்ன வாங்கினே?" என்றேன். "ஆணிதானே அத்தை, ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றான். வாங்கப் போனது ஆசாரியோடு வரும் சின்னப் பையன். எத்தனை இன்ச், என்ன ஆணி என்று அவனிடமும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய இரவு, எங்கள் கொல்லைக் கொட்டகையின் தகரம் பறந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் விழுந்தது. அந்தத் திண்ணையில்தான் அந்த வீட்டுப் பாட்டி தினமும் படுப்பார். அன்றைக்கு மழைச்சாரல் என்று மகள் உள்ளே கூட்டிப் போயிருந்தார். அவ்வளவுதான் இடைவெளி.

"புயலுக்கு எதும்மா நிக்கும்?" என்று எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். விடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். சவுக்குத் தூண்கள் நின்றன, சட்டங்கள் நின்றன, தகரத்தில் கிழிசல் இல்லை. தகரத்தோடு ஆணிகளும் வாஷரும் அப்படியே இருந்தன. ஓர் ஆணிகூட வளையவில்லை, முறியவில்லை. மரத்திலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தன. அந்த ஆணிக்குக் காசு கொடுத்தவள் நான். கடைக்காரர் "கூரைக்கு முறுக்கு ஆணி இருக்கு, தரட்டுமா, சாதா ஆணி போதுமா?" என்று கேட்டு அனுப்பினார். சாதா போதும் என்றேன். மிச்சம் பிடித்தது இருநூறு ரூபாய்கூட இருக்காது.

பிள்ளைகளே, ஆணியின் வேலை இரண்டு. பலகையைத் தாங்கி நிற்கும்போது பாரம் ஆணியின் குறுக்கே விழுகிறது. அந்த வேலைக்கு சாதாக் கம்பி ஆணி நல்ல ஆள். அது இளகின இரும்பு, வளையுமே தவிர சட்டென்று முறியாது. ஆனால் கூரையில் காற்று ஆணியை அதன் நீளவாக்கில் மேலே இழுக்கிறது. வழவழப்பான ஆணியை அப்போது பிடித்து வைத்திருப்பது மர நாரின் இறுக்கம் மட்டுமே. பச்சை சவுக்கில் அடித்தால், மரம் காய்ந்ததும் அந்தப் பிடியும் தளரும். நாங்கள் அடித்தது பச்சை சவுக்கில்தான். இதில் புயலை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்வது?

இழுப்பு வரும் இடத்தில் முறுக்கு ஆணி போடுங்கள். ஆணி மறுபக்கம் வந்தால் நுனியை மர நாருக்குக் குறுக்கே மடித்து அடியுங்கள். நெளி தகரத்துக்கு எல்லாவற்றையும்விட நல்லது ஜே போல்ட். சட்டத்தின் அடியில் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். துளையை நெளியின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் உள்ளே வரும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் காற்றின் இழுப்பு அதிகம், அங்கே நெருக்கமாகப் போடுங்கள்.

இப்போது இன்னொரு வியாதி வந்திருக்கிறது, கறுப்பு ஸ்க்ரூ. எதற்கெடுத்தாலும் அதுதான். அது ஜிப்சம் பலகை அடிக்க வந்த சாமான். கடினப்படுத்திய இரும்பு, குறுக்கே பாரம் வந்தால் வளையாது, தலை தெறித்துவிடும். அதைப் போய்க் கதவுக் கீலுக்கும் ஊஞ்சல் கொக்கிக்கும் போடுகிறார்கள். ஊஞ்சலில் ஆடுவது யார் பிள்ளை? "மிஷின்ல சட்டுனு ஏறிடும் டீச்சர்" என்றார் ஓர் ஆசாரி. ஏறுவது சுலபம் என்பதற்காகப் போடும் பொருளா அது?

ஆசாரிமாரை நான் திட்ட வரவில்லை. ஒரு இன்ச் பலகையைக் கனமான சட்டத்தில் அடிக்க மூன்று இன்ச் ஆணி, அதாவது மூன்று மடங்கு நீளம், என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே ஓர் ஆசாரிதான். ஓரத்தில் அடிக்கும்போது ஆணி நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வார். கூர் நுனி ஆப்பு மாதிரி நாரைப் பிளக்கும், மழுங்கிய நுனி நாரை நசுக்கிக்கொண்டு போகும், பலகை வெடிக்காது. தேக்குக்கும் பனைக்கும் முதலில் மெல்லிய துளை போடுவார். இதெல்லாம் தெரிந்தவரிடம் கால் கிலோ மட்டமான ஆணியைக் கொடுத்து "சீக்கிரம் முடிங்க" என்பது யார்? நாம்தான். கடையில் கேஜ் கேட்டால் விழிப்பதும் நாம்தான். எண் ஏற ஏற ஆணி மெலியும்: 8 கேஜ் நான்கு மில்லிமீட்டர், 12 கேஜ் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. நம் பள்ளியில் பெஞ்சு ஆணி கிழித்த பாவாடைகளும் டவுசர்களும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு ஜூனிலும் பீரோவிலிருந்து சுத்தியலை எடுத்து நானே அடித்து இறக்கியிருக்கிறேன். மெல்லிய பலகைக்கு நீள ஆணி போட்ட வினை அது.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பளபளவென்று மின்னும் ஆணியைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் துத்தநாகப் பூச்சு மெல்லிசு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, சாம்பல் நிறமாக, சொரசொரப்பாக இருக்கும். உப்புக் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

சுவரில் படம் மாட்ட ஸ்டீல் ஆணி அடிக்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாய்வாக அடிபட்டால் முறிந்து கண்ணுக்குத் தெறிக்கும்.

தம்பி மகன் முகம் சுளித்தான். "அத்தை, ஜே போல்ட்டுன்னா செலவு கூடும்" என்றான். தகரத்துக்குக் கொடுத்த காசையும் போல்ட்டுக்கு ஆகும் காசையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பதில் பேசவில்லை. டேய், இதைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் தகரத்தை ஏற்றிவிடாதே. அந்த ரெண்டு கிலோவைக் கடையில் திருப்பிக் கொடு, வாங்க மாட்டேன் என்றால் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொள்.