ஒதுங்க இடம் உண்டா என்று கேளுங்கள்

வானூர், கிளியனூர், மரக்காணம் சுற்று வட்டார மக்களுக்கு,

நாங்கள் பணி ஓய்வு பெற்ற செவிலியர் சிலர், நர்சிங் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் சிலர். எங்களுக்குச் சங்கப் பெயரும் கிடையாது, லெட்டர் பேடும் கிடையாது. ஒரு நோட்டைப் பற்றிப் பேசப் போய்த்தான் ஒன்றாக உட்கார்ந்தோம்.

எங்களில் ஒருவரின் மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கிளினிக்கல் போஸ்டிங்கின்போது, சிறுநீர்த் தொற்றோடு வந்து சேர்ந்த உப்பளத் தொழிலாளி அம்மா ஒருவரைப் பற்றிக் கேஸ் ஸ்டடி எழுதினாள். "தன்சுத்தம் குறைவு. தண்ணீர் குடிப்பதன் அவசியம் தெரியவில்லை. உடல்நலக் கல்வி அளிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தாள். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. வீட்டில் பெருமையாகப் படித்துக் காட்டியபோது, முப்பது வருஷம் உப்பளத்தில் பாத்தி மிதித்த பாட்டி சிரித்துவிட்டார். "தண்ணி குடிச்சா எங்கடி போயி ஒதுங்கறது? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெட்டவெளியாச்சே."

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெயில் ஏறும் முன்பே வாரி முடிக்க வேண்டும் என்று விடியுமுன் இறங்குகிறோம். மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. பெண்கள் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு சுமார் 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. அந்த மாணவியின் நோட்டில் கழிப்பறை பற்றி ஒரு வரிகூட இல்லை. கழிப்பறை இல்லாத குறை, 'அறியாமை' என்று பெயர் மாறி நோயாளியின் தலையில் ஏறிவிட்டது.

அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை, பாட்டியின் பேத்திதானே. எழுதச் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுதினாள். எங்கள் கவலையே அதுதான். வார்டில் யாரோ ஒரு சிஸ்டர் கோபத்தில் பேசுவதை அன்றைக்கே மறந்துவிடலாம். புத்தகத்தில் அச்சாகி, தேர்வில் மதிப்பெண் வாங்கி, 'அறிவு' என்ற பெயரோடு வருகிற பாரபட்சத்தை அப்படி மறந்துவிட முடியாது.

2022 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். செவிலிய மாணவிகளுக்கான சமூகவியல் பாடநூல் ஒன்றின் ஒரு பக்கம் நாடெங்கும் பரவியது. வரதட்சணையால் விளையும் 'நன்மைகள்' என்று அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். அழகில்லாத பெண்களைக் கூட நல்ல வரதட்சணை கொடுத்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்பது அந்த நன்மைகளில் ஒன்று! நாடாளுமன்ற உறுப்பினர் பிரியங்கா சதுர்வேதி ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்; இந்திய செவிலியர் கவுன்சில் அந்தப் பகுதியைக் கண்டித்தது. நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தப் பக்கத்தை எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் நடத்தியிருப்பார்கள்? எத்தனை பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருப்பார்கள்? தீக்காயத்தோடு வரும் மருமகளைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைக்கப்போவது அவர்கள்தான்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பியர்சன் நிறுவனத்தின் நர்சிங் பாடநூலில், இன்ன இனத்தார் வலியை இன்ன விதமாகக் காட்டுவார்கள் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். 2017இல் எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். அங்கே அச்சில் வந்தது, இங்கே வாய்வழியாக நடக்கிறது. "அளத்துக்காரங்க உடம்பு, தாங்கும்", "இருளருங்க ஊசி போடவே பயப்படுவாங்க, ஓடிடுவாங்க", "குப்பத்து ஆளுங்க சத்தம் போடுவாங்க". இதையெல்லாம் எங்களில் ஓய்வு பெற்றவர்களும் ஒரு காலத்தில் சொன்னவர்கள்தான். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. தாங்கும் உடம்பு என்று முடிவு கட்டிவிட்டால் வலி மருந்து தாமதமாகத்தானே வரும்?

நிறத்தின் கதையும் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலம் பாரிக்கும், ரத்தச்சோகை என்றால் வெளுக்கும் என்று புத்தகம் சொல்கிறது. வெயிலில் கறுத்த உடம்பில் அதைத் தோலில் தேடினால் தெரியாது. இமையின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை என்று பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதில் சறுக்குகிறது. உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 'சரி' என்று காட்டியது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. கொரோனா காலத்தில் அந்தக் கருவி காட்டிய எண்ணை நம்பித்தானே நாமெல்லாம் வீட்டில் இருந்தோம்!

எக்கியார்குப்பத்தை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் நம் பக்கத்தில் 14 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நாட்களில் சிகிச்சை தந்தவர்கள் மேல் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பொதுவாகவே, 'குடிகாரன்' என்ற ஒரு சொல் சீட்டின் தலையில் விழுந்துவிட்டால், "கண்ணு மங்கலா இருக்கு" என்று அவன் சொல்வது யார் காதிலும் ஏறாது. மெத்தனால் நஞ்சின் முக்கியமான அறிகுறியே அதுதான்.

பிரசவ அறையைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். அங்கே என்ன கேட்கப்படுகிறது என்பது பெற்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மகப்பேற்றின்போது அவமதிப்பும் வசவும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கு யாரும் சிஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த கணக்கு. ஒரு ராத்திரி வார்டுக்குள் போய் நீங்களே எண்ணிப் பாருங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கில் எடுத்த செவிலியருக்கு முதலில் கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடியது சும்மா இல்லை. ரத்தம், மலம், அடுத்தவர் உடம்பு தொடும் வேலை என்பதால் ஒரு காலத்தில் நம் சாதி வீடுகள் பெண்களை இந்தப் படிப்புக்கு அனுப்பவே மறுத்தன. இன்றும் பெண் பார்க்க வருகிறவர்கள், "நைட் டூட்டி உண்டா?" என்று ஒரு மாதிரி கேட்கிறார்கள். வார்டில் செவிலியரின் ஊரையும் தெருவையும் விசாரித்து, யார் கையால் கஞ்சி வாங்குவது என்று யோசிக்கும் நோயாளிகளும் நம் ஊர்க்காரர்கள்தான். தென் மாவட்டத்தைச் சேர்ந்த திருநங்கை அன்பு ரூபி 2019 டிசம்பரில் அரசுச் செவிலியராகப் பணி ஆணை பெற்றார். அப்படி ஒருவர் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்வோமா?

உங்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான்.

வீட்டில் நர்சிங் படிக்கும் பிள்ளை இருந்தால் அவளுடைய புத்தகத்தையும் கேஸ் ஸ்டடி நோட்டையும் உட்கார்ந்து கேளுங்கள். இங்கிலீஷ் என்று ஒதுங்காதீர்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். தவறாகப் படும் பக்கத்தைப் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் எழுதும் வேலையை எங்களில் இருக்கும் பழைய செவிலியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நன்றாக எழுதிய பக்கம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அப்படிப்பட்ட ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் பாராட்டுவதில்லை.

மருத்துவமனையில் அவமானப்பட்டால் நாள், நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணுக்குச் சொல்லலாம், நோயாளர் நலச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். பேர் சொல்லி வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். மே 1, ஆகஸ்ட் 15 என்று வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. செவிலியர் காலியிடத்தையும் அளத்துக்குக் கழிப்பறையையும் ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். இரண்டும் ஒரே நோய்க்கு மருந்துதான்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். சமுதாய நலப் போஸ்டிங்குக்குப் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போகத்தானே போகிறீர்கள்? பாத்தி மிதிக்கும் தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் அளத்துக்கு அனுப்புங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வரட்டும், பதினொரு மணி வரை எங்களோடு நிற்கட்டும். தலைக்குத் துண்டும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும், கூழும் நாங்கள் கொடுத்துவிடுவோம். ஒதுங்க இடம் மட்டும் எங்களிடம் இல்லை.