சிலோன்காரர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இடத்தகராறு வந்தாலும் வேலைத்தகராறு வந்தாலும் ஒரே பேச்சுதான் கிளம்பும். சிலோன்காரர்கள் அகதிகளாக வந்தவர்கள். அரசாங்கம் வேலையும் வீடும் சும்மா கொடுத்தது. காட்டை அழித்ததும் அவர்களே. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள் என்பதால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகதி என்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் இவர்கள் அகதிகள் இல்லை. இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்த மக்களுக்கு இடமில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிருக்குத் தப்பி வந்தவர்களின் கதை வேறு. இந்த இரண்டையும் குழப்புவதால் வரும் கேடு சிறியதல்ல. நீலகிரியிலேயே பிறந்த பிள்ளை சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போனால், தாத்தாவின் பூர்வீக ஊரில் ஆதாரம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

காட்டுக்கு வருவோம். இவர்கள் வேலை பார்த்த அரசுத் தேயிலைத் திட்டம் 1968-இல் வனத்துறையின் கீழ்தான் தொடங்கியது. 1976-இல் டான்டீ என்ற அரசு நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியது. எந்த மலையில் நடுவது, எவ்வளவு நடுவது என்று முடிவெடுத்தது அரசாங்கம். மரம் வெட்டிய கை கூலிக்காரனுடையது, உத்தரவு அவனுடையதல்ல. பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் இழந்த காடு உண்மையான இழப்பு. அதற்கான நியாயத்தைக் கோட்டையில் கேட்க வேண்டும், தொழிலாளியின் லைன் வீட்டு வாசலில் அல்ல. அரசுத் திட்டத்துக்கு நூறாண்டுக்கு முன்பே வெள்ளைக்காரத் துரைகள் சோலையை அழித்துத் தோட்டம் போட்டதை ஏனோ யாரும் நினைவுபடுத்துவதில்லை.

"சும்மா கொடுத்தார்கள்" என்ற பேச்சுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வந்தவர்களில் நிறையப் பேரிடம் வியாபாரக் கடனைக் கொடுத்துச் சமவெளியில் இறக்கிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கடை நடத்தத் தெரியுமா? பணத்தைத் தரகர்களிடமும் நஷ்டத்திலும் தொலைத்துவிட்டு, தெரிந்த ஒரே தொழிலைத் தேடி மலையேறினார்கள். டான்டீயில் கிடைத்தது தானமல்ல, வேலை. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை போட்டு, காலில் அட்டை ஏறியதைக் கூடக் கவனிக்க நேரமில்லாமல் மழையில் நின்று பறிக்க வேண்டும். சாயங்காலம் தராசில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று எடை கழிப்பார்கள். சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் நடுவட்டத்திலும் அந்தத் தோட்டங்கள் பச்சையானது இந்தக் கைகளால்தான்.

வீடு? லைன் வீடு நிறுவனத்தின் சொத்து. வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. ஓய்வு பெறும் அன்றைக்கே, எங்கே போவது என்ற கேள்வி வாசலுக்கு வந்துவிடும். மற்ற தொழிலாளிக்குத் திரும்பிப்போக ஒரு ஊராவது இருக்கும். இவர்களுடைய ஊர் தாத்தா காலத்திலேயே கைவிட்டுப் போனது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனது ஆசையால் மட்டுமல்ல.

2022-இல் நஷ்டத்தைக் காரணம் காட்டி, இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் டான்டீ நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. காடு திரும்பட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஓய்வு பெற்றோருக்கு வீடு கட்டித் தரும் வேலையையும் அரசு எடுத்தது, அது நல்ல காரியம். ஆனால் அது எல்லாருக்கும் சேர வேண்டும். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வருவதற்கு முன், இந்த மாவட்டத்திலேயே, பட்டாவோடு சேர வேண்டும்.