மலையின் அளவா, குடும்பத்தின் அளவா?

தேசிய தினக் கொடிகள் இன்னும் தாழ்வாரங்களில் தொங்குகின்றன. அதற்குள் டிசம்பர் விடுமுறைப் பேச்சு தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் "இந்த டிசம்பரில் எங்கே?" என்று கேட்டால் சென்னை, மதுரை, பினாங்கு, பேங்காக் என்றுதான் பதில் வரும். இப்போது நம் வீடுகளிலும் "ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறோம்" என்கிறார்கள். சென்ற மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன: "எந்த பாஸ் வாங்கலாம்?"

நான் மூன்று முறை போய் வந்தவள். பெரிய வீராங்கனை அல்ல. பச்சைக் கோடு போட்ட எளிய பாதையில் விழாமல் இறங்குவேன். சிவப்புப் பாதையைக் கண்டால் ஓரமாக நின்று மற்றவர்களுக்கு வழிவிடுவேன். ஆனால் வீட்டுக் கணக்கு பார்ப்பது நான்தான். அந்தத் தகுதியில் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில், புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பனிச்சறுக்குத் தளத்தில் மலையுச்சிக்குச் செல்ல லிஃப்ட் உண்டு. நம் புளோக்கில் இருக்கும் மின்தூக்கி அல்ல. கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறும் நாற்காலிகளும் மூடிய கூண்டுகளும். அவற்றில் ஏற அனுமதிப்பதுதான் லிஃப்ட் பாஸ். சறுக்குப் பலகை வாடகை, பூட்ஸ், தலைக்கவசம், பயிற்றுநர் கட்டணம் பெரும்பாலும் அதில் சேராது. பாஸ் விலையை மட்டும் பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவேண்டும்.

நம்மவர்கள் அதிகம் விசாரிக்கும் நிசேக்கோவையே எடுத்துக்கொள்வோம். நிசேக்கோ அன்னுபுரி 1,308 மீட்டர் உயரமுள்ள ஒரே மலை. அதன் சரிவுகளில் கிராண்ட் ஹிராஃபு, ஹனசோனோ, நிசேக்கோ வில்லேஜ், அன்னுபுரி என்று நான்கு தளங்கள். நிசேக்கோ வில்லேஜை மலேசியாவின் ஒய்டிஎல் குழுமம் 2010இல் வாங்கியது. நான்கு தளங்களுக்கும் செல்லும் ஒரு நாள் பாஸின் விலை இப்போது 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. நம் காசுக்கு 80, 90 வெள்ளி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பானியக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் கொட்டுகிறது. அதனால்தான் அங்கே மாவு போன்ற பொடிப்பனி. அதனால்தான் உலகமே அங்கே ஓடுகிறது.

யாருடைய அபாயம்?

ஒரு நாள் பாஸ், பல நாள் பாஸ் தவிர, பருவம் முழுமைக்குமான பன்னாட்டு பாஸ்களும் உண்டு. இவற்றில் பெயர் பெற்றவை இரண்டு. அமெரிக்காவின் வேல் ரிசார்ட்ஸ் 2008இல் 579 அமெரிக்க டாலருக்கு அறிமுகப்படுத்திய 'எபிக்' பாஸ் ஒன்று. 2018இல் போட்டிக்கு வந்த அல்டெரா நிறுவனத்தின் 'ஐக்கான்' பாஸ் மற்றொன்று. இரண்டின் முழு பாஸும் இப்போது 1,000 டாலருக்கு மேல். பருவம் முடியும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே அடுத்த பருவத்திற்கான விற்பனை தொடங்கிவிடும். அப்போது விலை குறைவு. மாதங்கள் போகப் போக ஏறும். குளிர்காலம் தொடங்கியதும் விற்பனை நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு முன்னதாக விற்கிறார்கள்? பனி பெய்யுமா பெய்யாதா என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய கவலை. பனி விழுவதற்கு முன்பே நம் பணம் கைக்கு வந்துவிட்டால், அந்தக் கவலையில் ஒரு பங்கு நம் தலைக்கு மாறிவிடுகிறது. அதற்குக் கைம்மாறாகத்தான் தள்ளுபடி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நேர்மையான பேரம்தான். ஆனால் தள்ளுபடி வாங்கும்போது கூடவே ஓர் அபாயத்தையும் வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும். வேல் மலையடியிலேயே வாழ்பவருக்கு அது சின்ன அபாயம். இந்த வாரம் பனி இல்லையென்றால் அடுத்த வாரம் போவார். ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து ஆறே நாள் தங்கும் நமக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது.

நம் பள்ளி நாட்காட்டியையும் பாருங்கள். நிசேக்கோவில் பனி நிறைந்து கிடப்பது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பறையில். நமக்கு வாய்ப்பது நவம்பர் பிற்பகுதியும் டிசம்பரும். அதாவது பருவத்தின் தொடக்கம். ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே தளங்கள் ஜூன் முற்பகுதியில் திறக்கும். நல்ல பனி ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட்டிலும். நம் ஜூன் விடுமுறை அதற்கு முன்பே முடிந்துவிடும். நம் நீண்ட விடுமுறைகள் இரண்டுமே பனிக்காலத்தின் வாசற்படியில் வந்து விழுகின்றன.

அதனால் டிசம்பர் முதல் வாரத்தில் போகிறவர், நான்கு தளங்களுக்குமான பாஸை முன்கூட்டியே வாங்குவதில் பெரிய பொருளில்லை. எல்லா லிஃப்டுகளும் ஓடாமல் இருக்கலாம். டிசம்பர் 20க்குப் பிறகு நிலைமை பொதுவாகத் தேறிவிடும். ஆனால் கிறிஸ்மஸ் வாரத்தில் அறை வாடகை எங்கேயோ போய்விடும். பனி, விலை, பள்ளி விடுமுறை மூன்றும் ஓரளவாவது ஒத்துப்போவது டிசம்பர் நடுப்பகுதியில்தான் என்பது என் கணிப்பு.

ஆறு நாள் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். கணக்குக்காக ஒரு நாள் பாஸ் 10,000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகும் பெரியவர்கள் மூவர். ஆறு நாளுக்கும் நான்கு தளப் பாஸ் எடுத்தால் 180,000 யென். ஆனால் புதியவர்கள் முதல் இரண்டு நாளும் எங்கே இருப்பார்கள்? மலையடியில், நகரும் கம்பளத்தில் ஏறி, ஐம்பது அடி தூரம் இறங்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு நாள் கால் கெஞ்சும், ஓய்வு வேண்டும். மிச்சம் மூன்று நாள். மூன்று நாளுக்கு மட்டும் பாஸ் வாங்கினால் 90,000 யென். சரிபாதி! பயிற்சிப் பகுதிக்கு ஏதாவது கட்டணம் இருந்தாலும் அது இந்த வித்தியாசத்தில் ஒரு துளிதான்.

பல நாள் பாஸில் நாளுக்கு இவ்வளவு குறைகிறது என்று விளம்பரம் சொல்லும். அது உண்மைதான். ஆனால் நாளுக்கு எவ்வளவு என்பதைவிட, சறுக்கும் நாளுக்கு எவ்வளவு என்பதே நம் கணக்கு. மணிக்கணக்கில் விற்கும் பாஸ்களும் உண்டு. ஹொக்கைடோவில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலையில் பிள்ளைகளைக் கிளப்பி, ஐந்தடுக்கு உடை மாட்டி, பூட்ஸ் பூட்டி வெளியே வரவே மணி பத்தரை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மணிக்கணக்குப் பாஸே பொருத்தம்.

பன்னாட்டு பாஸ் யாருக்கு? கடந்த பருவங்களில் ஐக்கான் முழு பாஸில் நிசேக்கோவுக்கு 7 நாள் கிடைத்தது. எபிக் பாஸில் ஹக்குபா பள்ளத்தாக்குக்கும் ருசுட்சுவுக்கும் தொடர்ச்சியாக 5 நாள் வீதம் கிடைத்தது. நிசேக்கோவில் 7 நாளைக்குத் தனியாக வாங்கினாலே சுமார் 70,000 யென், ஏறத்தாழ 600 வெள்ளிதான். அதற்காக 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் கொடுப்பானேன்? ஜப்பானுக்கு மட்டும் ஒரு முறை போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் வான்கூவரில் படிக்கும் பிள்ளை, வார இறுதிகளில் விஸ்லருக்குப் போகிறவன் என்றால் எபிக் பாஸ் அவனுக்குக் கொள்ளை லாபம். வேல் மலையில் சன்னலில் வாங்கும் ஒரு நாள் சீட்டே உச்சக் காலத்தில் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே நான்கு நாள் சறுக்கினாலே பருவ பாஸுக்குக் கொடுத்தது திரும்பிவிடும். பாஸின் விதிகள் ஆண்டுதோறும் மாறும். எத்தனை நாள், எந்த நாள்கள் விலக்கு என்பதை வாங்கும் அன்று சரிபார்த்துவிடுங்கள்.

ஆறு பேர், ஆறு விதம்

இவ்வளவும் எண். ஆனால் பயணம் போவது எண்கள் அல்ல, மனிதர்கள்.

எங்கள் வீட்டில் இந்த முறை ஆறு பேர். நானும் கணவரும். பதினான்கு வயது மகன். அவனுக்குக் கறுப்புப் பாதைதான் கனவு. பதினொரு வயது மகள். அவளுக்குச் சறுக்குவதைவிடப் பனியில் புரள்வதில்தான் ஆசை. தேசிய சேவையில் இருக்கும் அக்காள் மகன். விடுப்பு கிடைக்குமா என்பது நவம்பரில்தான் தெரியும். பிறகு அம்மா. வயது அறுபத்தெட்டு, சுத்த சைவம். "எனக்குப் பனியைப் பார்க்கணும், தொடணும். விழணும்னு அவசியம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எல்லாருக்கும் ஆறு நாள் பாஸ் போடலாம் என்றார் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு மட்டும் காரணமல்ல. முன்பணம் கட்டிய பாஸுக்கு ஒரு குணம் உண்டு; அது நம்மை விரட்டும். உடம்பு வலித்தாலும், காற்று அடித்தாலும், "காசு கொடுத்தாயிற்றே" என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போகும். களைத்த காலோடு "இதுதான் கடைசி" என்று இறங்கும்போதுதான் முழங்கால் திரும்புகிறது. நாம் மலையில் இருக்கும் அந்த ஆறு மணி நேரமும் அம்மா கீழே ஒரு காப்பிக் கடையில் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு நாளும் அப்படியே போனால், அம்மாவை எதற்கு அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறோம்?

போன முறை மூன்றாம் நாள் காலையில் மகள் பூட்ஸைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அன்றைக்கு யாருக்கும் பாஸ் வாங்கியிருக்கவில்லை. அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை. பனி பொம்மை செய்தோம், வெந்நீர் ஊற்றில் குளித்தோம், அறைக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டோம். இன்றுவரை அவள் பேசுவது அந்த நாளைப் பற்றித்தான்.

ஆகவே இந்த முறை எங்கள் ஏற்பாடு இது. டிசம்பர் நடுவில் ஆறு இரவு. ஹிராஃபுவில் சமையலறையுடன் கூடிய வீடு. ஜப்பானில் சூப்பிலும் சாற்றிலும் மீன் சேர்ப்பது வழக்கம் என்பதால் அம்மாவுக்கு நம் அடுப்பே கதி. மகனுக்கும் கணவருக்கும் நான்கு நாள் பாஸ். எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள். அதுவும் வானிலையைப் பார்த்து அங்கேயே வாங்குவது. அக்காள் மகனுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்குவதில்லை. அம்மாவுக்கு, தளத்தில் சறுக்காதவர்களை ஏற்றும் சீட்டு இருந்தால் கூண்டு வண்டியில் மேலே ஒரு பயணம். இரண்டு நாள் யாருக்கும் மலை கிடையாது; அவை அம்மாவின் நாள்கள்.

காசு கட்டுவதற்கு முன்

பாஸ் எதுவானாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா, தேதி மாற்றலாமா? இரண்டு, பலத்த காற்றில் மேல் லிஃப்டுகள் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? நிசேக்கோவில் இது அடிக்கடி நடக்கும். கீழே சில லிஃப்டுகள் ஓடினால் பணம் திரும்பாது என்பதே பல தளங்களின் வழக்கம். மூன்று, சிறுவர், மூத்தோர் கட்டணம் எந்த வயதுவரை? நான்கு, முன்கூட்டிய தள்ளுபடி எப்போது? ஜப்பானில் பல தளங்கள் இலையுதிர்காலத்தில் தள்ளுபடிச் சீட்டு விற்கின்றன. அதுவரை பொறுத்தால் நம் திட்டமும் உறுதியாகிவிடும்.

காப்புறுதியை மறக்காதீர்கள். எல்லாப் பயணக் காப்புறுதியும் பனிச்சறுக்கை ஏற்பதில்லை. ஏற்பவையும் பெரும்பாலும் தளத்தின் எல்லைக்குள், குறியிட்ட பாதைகளில் சறுக்கினால் மட்டுமே. பொடிப்பனி ஆசையில் கயிற்றைத் தாண்டிப் போனால் பனிச்சரிவு அபாயம் ஒருபுறம். தேடி மீட்கும் செலவு மறுபுறம். நிசேக்கோவில் எல்லைக்கு வெளியே மீட்கப்படுபவரிடமே அந்தச் செலவை வசூலிப்பார்கள். கறுப்புப் பாதைக் கனவு காணும் என் மகனிடம் இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை விமானத்தில் சொல்வேன்.

கடைசியாக, பாஸ் வாங்க உட்காரும் அன்று இணையத்தளத்தை முதலில் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, வருகிறவர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் உண்மையில் எத்தனை நாள் மலையேறுவார் என்று எழுதுங்கள். நீங்களே நிரப்பாமல் அவரவரிடம் கேட்டு நிரப்புங்கள். மலை பெரியதுதான்; ஆனால் பாஸை அந்தத் தாளின் அளவுக்கு வாங்கினால் போதும்.