பத்து நிமிஷ தெய்வங்களும் ஓட்டை சேம்பரும்

மூணாறு போய்ட்டு வந்து பயணப் பதிவு எழுதுற நம்ம மக்கள் பலபேர் ஒரு பத்தியை மட்டும் மாத்தறதே இல்லை. போடிமெட்டு தாண்டி ஒரு தோட்டத்து ரோட்டுல டமார்னு சத்தம் கேட்கும். குனிஞ்சு பார்த்தா ஆயில் ஒழுகும். பக்கத்துல இருந்த மெக்கானிக் ஒருத்தர் பத்தே நிமிஷத்துல எம்சீல் வச்சு அடைச்சுக் கொடுப்பார். காசு கூட வாங்க மாட்டார். தெய்வம்! உடனே கீழே வரிசையா 'மனிதம் இன்னும் சாகலை'ன்னு பின்னூட்டம் விழும்.

மனிதம் சாகலை, சந்தோஷம். இன்ஜின் செத்துப்போச்சே, அதை யாராவது எழுதறீங்களா?

எனக்கு ஊர் போடி. முந்தல்ல இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரைக்கும் ரோட்டை அகலமாக்கி 2024 ஜனவரியில திறந்தும் வச்சாச்சு. மெயின் ரோட்டுல சேம்பர் அடிபடறது குறைவு. ஏலத்தோட்டம் பார்க்கணும்னு ஜீப் பாதையில காரை விடறோம் பாருங்க, அங்கதான் வினை. ஜீப் டயர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு, மேட்டுல கல்லு. சின்ன கார்களுக்குத் தரைக்கும் அடிவயித்துக்கும் நடுவுல இடைவெளி 16, 17 செ.மீ. இருந்தாலே பெருசு. அதுலயும் அஞ்சு பேர் ஏறி, டிக்கியில மூட்டையும் வச்சா இன்னும் கீழே இறங்கும். "தோட்டத்து ஆளுங்க தினமும் போறாங்களே"ம்பாங்க. அவங்க போறது ஜீப்புல சாமீ!

சேம்பர்ங்கிறது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தட்டு. ஆயில் சம்ப்புன்னும் சொல்வாங்க. சின்ன கார்ல மூணு, மூணரை லிட்டர் நிக்கும். அந்தத் தட்டோட தரைக்குக் கொஞ்சம் மேலதான் ஆயிலை உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் வாய் இருக்கு. தகரச் சேம்பர்னா அடிபட்டு உள்ளே ஒடுங்கும், அலுமினியம்னா விரிசல் விடும். ஒழுகுறது கண்ணுக்குத் தெரியும். ஒடுங்கினது தெரியாது. ஒடுங்கின தட்டு ஸ்ட்ரெய்னர் வாயை அடைச்சா, சொட்டு ஒழுகாமலே இன்ஜின் தாகத்துல சாகும். பத்து நிமிஷ தெய்வம் வெளிப்பக்கம் பசை வச்சாரே, உள்ளே எட்டிப் பார்த்தாரா?

எங்க மச்சான் கார் கதை இதுதான். ஒரு ஷெட்டுல ஒட்டி, "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது வாரம் தேனி ரோட்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சு, கடகடன்னு சத்தம் வந்து நின்னுடுச்சு. பிரிச்சுப் பார்த்தா ஸ்ட்ரெய்னர் வாயில உடைஞ்ச பசைத் துண்டு. பேரிங் போயி, கிராங்க்கும் கீறி, முழு இன்ஜின் வேலை. புது சேம்பர் வாங்கியிருந்தா ஆயிரங்கள்ல முடிஞ்சிருக்கும். எம்சீல் மேல குத்தமில்லீங்க. சூடான ஆயிலும் இன்ஜின் அதிர்வும் இருக்கிற எடத்துல, எண்ணெய்ப் பிசுக்கு மேல அப்பினா எந்தப் பசைதான் நிக்கும்?

அடுத்து, "வெளக்கு எரிஞ்சா நிறுத்திக்கலாம்"ங்கிற கட்சி. அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டறது இல்லை, அழுத்தத்தைக் காட்டுது. அது எரியும்போது உலோகம் உலோகத்தோட உரச ஆரம்பிச்சிருக்கும். அடிபட்ட சத்தம் கேட்டதுமே ஓரங்கட்டி ஆஃப் பண்றதுதான் வைத்தியம்.

இதைவிட பயங்கரமான கட்சி ஒண்ணு இருக்கு. "இறக்கம்தானே, ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல முந்தல் வரை உருட்டிடலாம்." அடப்பாவிகளா! இன்ஜின் ஓடலைன்னா ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. இன்ஜின் பிரேக் இல்லாம 17 வளைவுல பிரேக்கை மட்டும் நம்பினா அதுவும் சூடாகிக் கைவிடும். சேம்பரை மாத்திக்கலாம், உங்களை மாத்த முடியாது. ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்க.

இன்சூரன்ஸ் கணக்கும் இதையேதான் சொல்லுது. கல்லுல அடிபட்ட சேம்பருக்குப் பொதுவா ஓன் டேமேஜ்ல காசு வரும். அடிபட்ட பிறகு ஓட்டி இன்ஜின் பிடிச்சா, அது பின்விளைவு நஷ்டம்னு கையை விரிப்பாங்க. இன்ஜினுக்குன்னு தனியா ஆட்-ஆன் எடுத்திருந்தா வேற கதை.

சரி, முறையான வேலை எப்படி இருக்கணும்? வண்டியை மட்டமான எடத்துல ஸ்டாண்டு மேல நிறுத்தணும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்கக் கூடாது. மிச்ச ஆயிலை வடிக்கணும். சில வண்டியில சைலன்சர் முன் பைப்பையும் கழட்ட வேண்டி வரும். போல்ட்டெல்லாம் எடுத்த பிறகும் சேம்பர் ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். அப்ப ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினா பிளாக் முகம் கீறி, அங்கேயே அடுத்த ஒழுகல். ரப்பர் சுத்தியலால தட்டி எடுக்கணும். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். பழைய பேக்கிங்கை சுத்தமா சுரண்டணும். சிலிக்கான் போடற வண்டின்னா மெல்லிசா ஒரே கோடு போதும். அள்ளி அப்பினா உள்ளே பிதுங்கி அதுவும் ஸ்ட்ரெய்னர் வாய்க்குத்தான் போகும். போல்ட்டு சின்னது, பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் முறுக்கு. நடுவுல இருந்து மாத்தி மாத்தி முடுக்கணும். சிலிக்கான் காயற நேரம் ட்யூப்லயே போட்டிருக்கும், அதுவரை ஆயில் ஊத்தக் கூடாது. இதெல்லாம் அரை நாள் வேலை. பத்து நிமிஷத்துல முடிஞ்சா ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

வடிச்ச ஆயிலை ஓடையில ஊத்தற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. கழிவு ஆயில் 2016 விதிகள்படி அபாயக் கழிவு. இந்தச் சரிவுல ஊத்தினது கொட்டகுடி ஆத்துல இறங்கி, வைகைக்குப் போகும். கேன்ல பிடிச்சு, முறையா வாங்குற எடத்துல கொடுங்க.

மெக்கானிக் மட்டும் குத்தவாளி இல்லை. "மாத்தணும் சார், பார்ட் வர ரெண்டு நாள் ஆகும்"னு உண்மையைச் சொல்றவரை 'புடுங்கப் பார்க்கிறான்'னு திட்டறோம், ஒட்டி அனுப்பறவரைத் தெய்வமாக்கறோம். அப்புறம் எவன் உண்மை பேசுவான்? அடுத்த பயணப் பதிவுல அந்த ரெண்டு நாள் காக்க வச்சவரைப் பத்தி நாலு வரி எழுதுங்க மக்கா.

டிஸ்கி: "எங்க வண்டி எம்சீலோட மூணு வருஷமா ஓடுது"ன்னு சொல்ல வர்றவங்க, டிப்ஸ்டிக்கை ஒருதரம் உருவிப் பார்த்துட்டு வாங்க, பேசலாம் :-)